ஸ்டியரிங்கை ஒடித்தால் இன்ஜின் நின்றுபோகிறதா? பம்பை மாற்றும் முன் பிரஷர் ஸ்விட்ச் சர்க்யூட்டைச் சோதியுங்கள்

ஜவ்வாது மலையில் விளையும் சாமையும் புளியும் தேனும் மலையிலேயே விற்றுத் தீர்வதில்லை. போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர், வேலூர் எனக் கீழே இறங்கினால்தான் விலை கிடைக்கிறது. ட்ராக்டரும் பிக்கப்பும் வாங்க முடியாத குடும்பங்களில் பலர், செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய பெட்ரோல் காரின் பின் சீட்டை மடக்கி மூட்டை ஏற்றிச் செல்கிறார்கள். மருத்துவமனைக்குப் போவதும் பிள்ளைகளைக் கல்லூரியில் விட்டு வருவதும் அதே காரில்தான்.

இத்தகைய கார்களில் அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. நேராக ஓடும்போது எந்தக் குறையும் தெரியாது. சந்தையில் வண்டியைத் திருப்பும்போதோ, கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைத்து ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போதோ இன்ஜின் திணறும். சில நேரம் ஆஃப் ஆகிவிடும். பவர் ஸ்டியரிங் பம்ப் போய்விட்டது என்று முடிவு செய்து பம்பையே மாற்றிவிடுகிறார்கள். பணம் செலவான பிறகும் பழுது அப்படியே இருக்கும். பல வண்டிகளில் உண்மையான குறை, பம்பின் மீதோ பிரஷர் குழாயின் மீதோ பொருத்தப்பட்டுள்ள சிறிய ஸ்விட்சிலோ அதற்குப் போகும் ஒயரிலோதான் இருக்கும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் இதை அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த ஸ்விட்சின் வேலை என்ன?

ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கில், இன்ஜினோடு பெல்ட்டால் சுழலும் பம்ப் ஒன்று ஆயிலை அழுத்தி ஸ்டியரிங் ராக்குக்கு அனுப்புகிறது. நேராக ஓடும்போது ஆயில் சும்மா சுற்றி வருவதால் அழுத்தம் குறைவு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் அழுத்தம் சட்டென்று ஏறும். முழுவதும் ஒடித்துப் பிடித்தால் பல கார்களில் 70 முதல் 100 பார் வரை போகும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 2 பார்தான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு புரியும்.

இவ்வளவு அழுத்தத்தைக் கொடுக்க, பம்ப் இன்ஜினிடமிருந்து சக்தியை இழுக்கிறது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமல் 700 முதல் 850 சுற்றில் ஐடிலிங்கில் இருக்கும் சிறிய பெட்ரோல் இன்ஜினுக்கு இது பெரிய சுமை. ஆகவே, அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் பிரஷர் ஸ்விட்ச் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு (ஈ.சி.எம்.) தகவல் கொடுக்கிறது. ஈ.சி.எம். உடனே காற்றையும் பெட்ரோலையும் சற்றுக் கூட்டி ஐடிலிங் விழாமல் காக்கிறது.

மலையில் இது இன்னும் முக்கியம். காவலூர் வானாய்வகம் இருக்கும் 725 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. இன்ஜினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். கீழே போளூரில் லேசாகத் திணறும் வண்டி, மேலே ஜமுனாமரத்தூரில் நின்றேபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த வண்டிகளுக்குப் பொருந்தும்?

ஃபோர்டு ஐகான், ஹூண்டாய் ஆக்சென்ட், மாருதி எஸ்டீம் போன்ற பழைய பெட்ரோல் கார்களில் வருவது ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங். இவ்வகை வண்டிகளில்தான் பிரஷர் ஸ்விட்சைத் தேட வேண்டும். மாருதி ஆல்டோ, வேகன் ஆர் கார்களில் பவர் ஸ்டியரிங் உள்ள மாடல்கள் மின்மோட்டாரில் இயங்குபவை. அவற்றில் ஆயிலும் இல்லை, இந்த ஸ்விட்சும் இல்லை. ட்ராக்டரில் ஹைட்ராலிக் ஸ்டியரிங் இருந்தாலும் சாதாரண டீசல் பம்பில் உள்ள கவர்னரே சுமைக்கு ஏற்ப டீசலைக் கூட்டிக்கொள்ளும் என்பதால் இந்த ஸ்விட்ச் தேவைப்படுவதில்லை. டீசல் பிக்கப்கள் பலவற்றிலும் இது கிடையாது.

பானட்டைத் திறந்து, பெல்ட்டால் சுற்றும் பம்பையும் அதிலிருந்து ஸ்டியரிங் ராக்குக்குப் போகும் தடித்த குழாயையும் பாருங்கள். அவற்றில் ஏதாவது ஓரிடத்தில் ஒன்று அல்லது இரண்டு ஒயர் உள்ள கனெக்டர் செருகியிருந்தால் அதுதான் ஸ்விட்ச். மூன்று ஒயர் இருந்தால் அது ஸ்விட்ச் அல்ல, அழுத்தத்தை அளக்கும் சென்சார். அதைச் சோதிக்கும் முறை வேறு. கீழே தனியாகச் சொல்லப்பட்டுள்ளது.

வளைவில் இன்ஜின் நின்றால்

சோதனைக்குப் போகும் முன் உயிரைக் காக்கும் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இன்ஜின் நின்றதும் பம்பும் நின்றுவிடும். ஸ்டியரிங் கடினமாகும், ஆனால் திரும்பும். இரண்டு கைகளாலும் பலமாகத் திருப்புங்கள். பிரேக்குக்கு உதவும் வேக்கம் பூஸ்டரில் ஓரிரு முறை மிதிக்கும் அளவுக்கே சக்தி மிச்சம் இருக்கும். ஆகையால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுங்கள். சாவியைப் பின்னால் திருப்பி வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க மலையிறக்கத்தில் இன்ஜினை ஆஃப் செய்து, நியூட்ரலில் உருட்டுவதும் இதே ஆபத்தை நாமே வரவழைப்பதுதான். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் போட்டுக் காலை எடுத்தாலே பெட்ரோல் பாய்வது பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில் இறக்குவதால் லாபம் இல்லை.

சோதிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு எதுவும் பெல்ட் அருகே போகக் கூடாது. ரேடியேட்டர் விசிறி தானாகவே சுற்றத் தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம். கனெக்டரைக் கழற்றும்போது இக்னிஷன் ஆஃபில் இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்த நிலையில் 5 விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆயில் சூடேறிப் பம்ப் கெடும். ஆயில் கசிவை விரலால் தடவிப் பார்க்கவும் கூடாது. அழுத்தத்தோடு பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். சந்தேகம் இருந்தால் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

படி 1: ஆயில், பெல்ட்

மின்சாரச் சோதனைக்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பாவில் அளவுக்கோடு வரை ஆயில் உள்ளதா? நுரை தெரிந்தால் உள்ளே காற்று புகுந்துள்ளது. பெல்ட் தளர்ந்திருந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது கீச்சென்ற சத்தம் வரும். ஸ்டியரிங்கே கனமாக இருந்தால் குறை பம்ப், பெல்ட், ஆயில் பக்கம். ஸ்டியரிங் லேசாகத் திரும்பி, இன்ஜின் மட்டும் திணறினால் பம்ப் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். பம்பை மாற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

படி 2: ஏ.சி. போட்டுப் பாருங்கள்

ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஐடிலிங்கில் ஏ.சி.யைப் போடுங்கள். ஏ.சி. கம்ப்ரஸரும் இன்ஜினுக்குச் சுமைதான். ஆனால் அதற்கான தகவல் வேறு ஒயர் வழியாக ஈ.சி.எம்.முக்குப் போகிறது. ஏ.சி. போட்டாலும் இன்ஜின் திணறினால் ஸ்விட்ச் மீது பழி போட வேண்டாம். த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம் அல்லது ஐடிலிங் வால்வு அடைத்திருக்கலாம். முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். ஏ.சி.க்குத் தாங்கி, ஸ்டியரிங்கை ஒடித்தால் மட்டும் இன்ஜின் விழுந்தால் பிரஷர் ஸ்விட்ச் சர்க்யூட் மீது சந்தேகம் வலுக்கிறது. ஏ.சி. இல்லாத வண்டியில் ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர் போன்றவற்றை ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சுமை குறைவு என்பதால் முடிவும் அவ்வளவு உறுதியாக இருக்காது.

படி 3: கனெக்டரைக் கண்ணால் பாருங்கள்

இக்னிஷனை ஆஃப் செய்து கனெக்டரைக் கழற்றுங்கள். மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

அ) பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறதா? ஓடையில் இறக்கிக் கழுவும் வண்டிகளிலும் மழைக்காலச் சேற்றில் ஓடும் வண்டிகளிலும் இது சாதாரணம்.

ஆ) கனெக்டருக்குள் ஆயில் நிற்கிறதா? நின்றால் ஸ்விட்சின் உள் சீல் கிழிந்துவிட்டது. அந்த ஸ்விட்சைத் துடைத்துப் போட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இ) ஒயரை எலி கடித்திருக்கிறதா? வீட்டோரம் தானியமும் புளியும் குவித்திருக்கும் காலத்தில், இரவில் சூடான இன்ஜின் அறைக்குள் எலி புகுவது சகஜம். ஒயர் உறையைப் பிரித்து முழு நீளமும் பாருங்கள்.

படி 4: ஒயரில் வோல்டேஜ் இருக்கிறதா?

கனெக்டர் கழன்ற நிலையிலேயே இக்னிஷனை ஆன் செய்யுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையைக் கனெக்டரின் ஒயர் பக்கப் பின்னிலும் வையுங்கள். வண்டியைப் பொறுத்து ஏறக்குறைய 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் காட்ட வேண்டும். இரண்டு ஒயர் உள்ளதில் ஒன்றில் வோல்டேஜ் வரும், மற்றது எர்த்.

வோல்டேஜ் வந்தால் ஈ.சி.எம்.மிலிருந்து ஸ்விட்ச் வரை ஒயர் அறுபடவில்லை. வராவிட்டால் இரண்டு வாய்ப்புகள்: ஒயர் நடுவில் அறுந்திருக்கலாம் அல்லது தோல் உரிந்து பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, அந்தப் பின்னுக்கும் பாடிக்கும் இடையே ஓம்ஸ் அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஒயர் பாடியைத் தொடுகிறது. இல்லையென்றால் அறுந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

படி 5: ஸ்விட்ச் செய்யும் வேலையை நாமே செய்து பார்ப்பது

இது ஒரு ஒயர், இரண்டு ஒயர் ஸ்விட்சுகளுக்கு மட்டும். இவற்றில் பெரும்பாலானவை சாதாரண நேரத்தில் திறந்திருந்து, அழுத்தம் ஏறும்போது மூடி, ஒயரை எர்த்தோடு இணைக்கும் வகை. கனெக்டர் கழன்ற நிலையில் இன்ஜினை ஐடிலிங்கில் விடுங்கள். ஒரு ஒயர் என்றால் அதைச் சிறு ஒயர்த் துண்டால் பாடி எர்த்தோடு தொட வையுங்கள். இரண்டு ஒயர் என்றால் இரண்டு பின்களையும் இணையுங்கள். ஐடிலிங் சற்று ஏறினால் ஒயரும் ஈ.சி.எம்.மும் நலம், குறை ஸ்விட்சில். சில வண்டிகளில் ஏற்றம் மிகக் குறைவாக இருக்கும் என்பதால் காதை மட்டும் நம்பாமல் ஆர்.பி.எம். முள்ளையும் கவனியுங்கள்.

மூன்று ஒயர் சென்சாரில் இப்படி இணைக்கவே கூடாது, ஈ.சி.எம். பழுதாகலாம். அதில் 5 வோல்ட் சப்ளை, எர்த் இரண்டும் வருகின்றனவா என்று பார்த்து, கனெக்டர் செருகிய நிலையில் சிக்னல் ஒயரில் வோல்டேஜ் அளக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப அந்த வோல்டேஜ் சீராக ஏறி இறங்க வேண்டும். ஏறாமல் ஒரே இடத்தில் நின்றால் சென்சார் பழுது.

படி 6: ஸ்விட்சை அளப்பது

மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் கன்டினியூட்டியில் வைத்து, ஒரு முனையை ஸ்விட்ச் பின்னிலும் மறு முனையைப் பாடி எர்த்திலும் (இரண்டு பின் இருந்தால் இரண்டிலும்) வையுங்கள். இன்ஜின் ஓடட்டும். ஸ்டியரிங் நேராக இருக்கும்போது பீப் வரக் கூடாது. உதவிக்கு ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது பீப் வர வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும். ஒடித்தும் பீப் வரவில்லை, ஸ்டியரிங்கும் லேசாகத் திரும்புகிறது என்றால் ஸ்விட்ச் போய்விட்டது. சில வண்டிகளில் ஸ்விட்ச் இதற்கு நேர்மாறாக, சாதாரண நேரத்தில் மூடியிருந்து அழுத்தத்தில் திறக்கும். எந்த வகை என்பதை சர்வீஸ் மேனுவலில் உறுதி செய்துகொண்டு முடிவெடுங்கள். நேராக இருக்கும்போதும் ஒடிக்கும்போதும் நிலை மாறவேயில்லை என்றால் எந்த வகையானாலும் பழுதுதான்.

படி 7: ஒயரை ஆட்டிப் பாருங்கள்

விட்டு விட்டு வரும் பழுதுக்கு இந்தச் சோதனை அவசியம். மேடுபள்ளத்தில் மட்டும் வரும் குறை, நிறுத்தி வைத்துச் சோதிக்கும்போது ஒளிந்துகொள்ளும். படி 4இல் சொன்னபடி வோல்டேஜ் அளந்துகொண்டே, மற்றொருவர் ஒயரை இங்கும் அங்கும் வளைத்து ஆட்ட வேண்டும். வோல்டேஜ் துள்ளும் இடத்தில்தான் உள்ளே கம்பி முறிந்திருக்கும், வெளித்தோல் நன்றாக இருந்தாலும்கூட.

ஐடிலிங் எப்போதும் அதிகமாக இருந்தால்

ஸ்விட்ச் மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் எதிர்மாறான புகார் வரும். யாரும் ஸ்டியரிங்கைத் தொடாமலே ஐடிலிங் ஏறி நிற்கும். பெட்ரோல் கூடுதலாகப் பிடிக்கும். இங்கே சோதனை எளிது: கனெக்டரைக் கழற்றுங்கள். ஐடிலிங் இறங்கினால் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டுள்ளது. இறங்கவில்லை என்றால் ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது அல்லது காரணம் வேறு; படி 4இல் உள்ள ஓம்ஸ் சோதனையைச் செய்யுங்கள்.

ஸ்கேனரில் கோட் வரவில்லையே?

இந்தச் சர்க்யூட்டுக்கான பழுது எண்கள் பி 0550 முதல் பி 0554 வரை. 0550 பொதுவான சர்க்யூட் பழுது, 0551 எதிர்பார்க்கும் அளவுக்குள் இல்லை, 0552 சிக்னல் குறைவு, 0553 சிக்னல் அதிகம், 0554 விட்டு விட்டு வரும் பழுது. ஸ்கேனர் போட்டுக் கோட் எதுவும் வராததால் ஸ்விட்ச் நன்றாக உள்ளது என்று சொல்லி அனுப்பிவிடுவது உண்டு. அது சரியான முடிவல்ல.

சாதாரண நேரத்தில் திறந்திருக்கும் ஸ்விட்சில் ஒயர் அறுந்துபோனால் ஈ.சி.எம்.முக்கு அது எப்படித் தெரியும்? ஸ்டியரிங் நேராக இருப்பது போலவே தெரியும். அதனால் பழுது என்றே அது கருதாது. மூடியே கிடக்கும் ஸ்விட்சைப் பல வண்டிகள் கண்டுபிடிப்பது, வேகமாக நேரே ஓடும்போதும் அழுத்தம் இருப்பதாகச் சிக்னல் வருவதை வைத்துத்தான். மலைப்பாதையில் மெதுவாகவே ஓடும் காரில் அந்த நிலை வராமலே போகலாம். ஆகவே கோட் வந்தால் அது துப்பு; வராவிட்டால் மல்டிமீட்டர்தான் சாட்சி. ஸ்கேனரில் நேரடித் தகவல் பார்க்கும் வசதி இருந்தால், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது பவர் ஸ்டியரிங் சிக்னல் ஆஃபிலிருந்து ஆனுக்கு மாறுகிறதா என்று பார்ப்பது கோட் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

செய்யக் கூடாத இரண்டு குறுக்கு வழிகள்

ஒன்று, த்ராட்டில் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை நிரந்தரமாக ஏற்றிவைப்பது. ஈ.சி.எம். அந்த ஸ்க்ரூவின் நிலையை அடிப்படையாக வைத்தே கணக்குப் போடுகிறது. திருகினால் புதுக் குறைகள் வரும். மற்றொன்று, ஸ்விட்ச் ஒயரை எர்த்தில் கட்டி வைத்துவிடுவது. அப்போதைக்கு வண்டி நிற்காது. ஆனால் எப்போதும் அதிக ஐடிலிங்கில் ஓடிப் பெட்ரோலைக் குடிக்கும். அவசரத்துக்கு ஊர் வந்து சேர, திருப்பும்போது மட்டும் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டால் போதும்.

மாற்றும்போதும் பிறகும்

களிம்பு மட்டும்தான் என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்களைச் சுத்தம் செய்து, இறுக்கிச் செருகினாலே பழுது தீரும். அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட வேண்டும். ஸ்விட்சை மாற்றினால் புதிய வாஷர் அல்லது ஓ ரிங் போடுங்கள். குறைந்த ஆயிலை, வண்டியின் மேனுவலில் சொன்ன வகையாலேயே நிரப்புங்கள். பிரேக் ஆயிலை ஊற்றிவிட வேண்டாம். சீல்கள் ஊறிக் கெட்டுவிடும். முன்சக்கரங்களை ஸ்டாண்டில் உயர்த்தி, இன்ஜின் ஆஃபில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் பல முறை மெதுவாகத் திருப்பி, பிறகு இன்ஜினை ஓடவிட்டும் அதையே செய்து, நுரை அடங்கும் வரை காற்றை வெளியேற்றுங்கள்.

பருவமழைக்கு முன்னும் அறுவடை முடிந்து தானியம் வீட்டுக்கு வந்த பிறகும், ஆண்டுக்கு இரண்டு முறை இந்தக் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. தானியக் குவியலை ஒட்டி வண்டியை நிறுத்தாதீர்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது

எல்லாச் சோதனையையும் நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. முதல் மூன்று படிகளை யார் வேண்டுமானாலும் செய்யலாம். மற்றவற்றை மல்டிமீட்டர் பழகிய ஊர் எலக்ட்ரீஷியனோ ஐ.டி.ஐ. படித்த இளைஞரோ செய்துவிடுவார். கண்டதை ஒரு தாளில் எழுதுங்கள்: ஸ்டியரிங் லேசா, கனமா; ஏ.சி. போட்டால் திணறுகிறதா, கனெக்டரில் ஆயில் இருந்ததா, எத்தனை வோல்ட் வந்தது, ஒயரை எர்த்தில் தொட்டபோது ஐடிலிங் ஏறியதா, ஒடித்தபோது பீப் வந்ததா.

உதாரணமாக, ஸ்டியரிங் லேசு, ஏ.சி.க்குத் திணறல் இல்லை, 12 வோல்ட் வருகிறது, எர்த்தில் தொட்டால் ஐடிலிங் ஏறுகிறது, ஒடித்தால் பீப் இல்லை என்று தாளில் இருந்தால், மாற்ற வேண்டியது ஸ்விட்ச் ஒன்றுதான். அந்தத் தாளோடு போகும் விவசாயியிடம் பம்பை மாற்றச் சொன்னால், எந்தச் சோதனையில் பம்ப் பழுது தெரிந்தது என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. மிச்சமாகும் பணம் அடுத்த போக விதைக்கும் உரத்துக்கும் உதவும்.